பூக்களுக்குக் குணம் கற்பித்தல்

மல்லிகை அடக்கமானவள். காகிதப்பூ பகட்டுக்காரி. எருக்கு பரதேசி. அரளி நம்பத் தகாதவள். ஒரு கோடைத் தோட்டத்தைப் பற்றி இப்படிப் பேச ஆரம்பித்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. 'ஆமா, அப்படித்தான்' என்று தலையாட்டிவிடுகிறார்கள். இந்தத் தலையாட்டல் எங்கிருந்து வருகிறது?

செடியிலிருந்து வரவில்லை என்பது நிச்சயம். மல்லிகை இனத்தின் வெள்ளை நிறமும் ராத்திரி வாசனையும் இருட்டில் பறக்கிற அந்துப்பூச்சிகளைக் கூப்பிடுவதற்காக ஏற்பட்டவை. ஊருக்கே கேட்கிற மாதிரி வாசனையால் கூவுகிற பூவுக்கு அடக்கம் என்று பட்டம். காகிதப்பூவில் நாம் நிறம் என்று பார்ப்பது பூவைச் சுற்றியுள்ள மாறுபட்ட இலைகளை. நிஜப் பூ நடுவில் சின்னக் குழலாக, வெளிறிப்போய், சத்தமில்லாமல் இருக்கிறது. பகட்டு என்று திட்டுகிறோமே, அந்தத் திட்டு பூவின் மேல் விழவே இல்லை. எருக்கோ தரிசில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்தில், மரத்தைத் துளைக்கிற பெரிய கருவண்டுகளோடு தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆக, குணம் என்று நாம் சொல்வது பூவின் சமூக இடத்தைத்தான். எது வீட்டுக்குள் வளர்கிறது, எது புறம்போக்கில் முளைக்கிறது, எதை யார் தலையில் வைக்கலாம், எது எந்தச் சாமிக்கு ஆகாது: இந்த நான்கு கேள்விகளுக்கான பதில்தான் குணமாக உருமாறி நிற்கிறது. ரோலான் பார்த் 1957இல் வெளியான தன் 'புராணங்கள்' நூலில், வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்று விளக்கினார். குறி எப்படி உருவாகிறது என்பதற்கு அங்கே அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் ஒரு ரோஜாக் கொத்துதான். மனிதர் கொடுத்த அர்த்தம் பூவுக்குள் புகுந்துகொண்டு, அங்கேயே பிறந்த மாதிரி வெளியே வருகிறது.

தாழம்பூவைப் பாருங்கள். சிவனின் முடியைக் கண்டதாக பிரம்மனுக்குப் பொய் சாட்சி சொன்னதாம். அதனால் சிவபூசைக்கு ஆகாதாம். அண்ணாமலைக் கதை இது. ஒரு விலக்கு முதலில் இருக்கிறது. அதற்குக் காரணம் சொல்ல ஒரு குற்றம் தேவைப்படுகிறது. குற்றத்துக்கு ஒரு குணம் தேவைப்படுகிறது. மனிதர்களை விலக்கி வைக்கிற கதைகளும் இதே வரிசையில்தான் கட்டப்படுகின்றன என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குணம் பூவோடு நின்றுவிடுவதில்லை. மனிதரிடம், குறிப்பாகப் பெண்ணிடம், திரும்பி வருகிறது. மல்லிகை குடும்பப் பெண் என்றால், குடும்பப் பெண் மல்லிகை மாதிரி இருக்க வேண்டும். இன்றும் பல வீடுகளில் புருஷன் செத்ததும் பெண்ணின் தலையிலிருந்து பூவை எடுக்கிறார்கள். பூவுக்கு 'மங்கலம்' என்று ஒரு குணம் கற்பிக்காமல் இந்த வன்முறையைச் செய்ய முடியாது. கவிதையில் அழகாகத் தெரிகிற உருவகத்தின் மறுமுனை அங்கே இருக்கிறது.

சரி, தலைகீழாக்கிவிட்டால் போச்சு என்கிறார்கள் நம் நண்பர்கள் சிலர். மல்லிகையைத் தூக்கிப்போடு, எருக்கைப் பாடு. விளிம்பின் பூ, கலகத்தின் பூ. இதில் எனக்குச் சந்தேகம் உண்டு. புறநானூற்றின் 106ஆம் பாட்டில் கபிலர் இதைத் தொடுகிறார். நல்லதிலும் சேராத, தீயதிலும் சேராத எருக்கம்பூவைக் கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை. அதுபோல, அறிவில்லாதவர்கள் போனாலும் பாரி கொடுப்பான் என்பது அதன் சாரம். பெரிய மனசுதான். ஆனால் அந்தப் பெரிய மனசுக்குள்ளே தரவரிசை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எருக்கு ஏற்கப்படுகிறது, எருக்காகவே, அறிவிலிக்கு உவமையாகவே. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கமாலைக்கு வருகிற மவுசும் இப்படித்தான்: ஒருநாள் சாமி கழுத்தில், மறுநாள் மறுபடி வேலியோரம். நாமும் எருக்கை ஏற்றிப் பாடும்போது ஏணியைப் புரட்டி வைக்கிறோம். ஏணி ஏணியாகவே இருக்கிறது. 'கலகக்காரி' என்பதும் அந்தச் செடி கேட்காத பட்டம்தானே?

பூவுக்கு வேறொரு கணக்கும் உண்டு. மல்லிகை பறிக்கிறவர்கள் மொட்டு விரிவதற்கு முன்னாலேயே, விடியற்காலையில் குனிந்து நின்று பறிக்கிறார்கள். கோடையில் வரத்து கூடி விலை சரியும். பனிக்காலத்தில் வரத்து குறைந்து விலை எகிறும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயர் பூவோடு ஒட்டிக்கொண்டது. பறித்த விரல்களுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. அடக்கம், மங்கலம், தூய்மை என்று குணங்கள் ஒவ்வொன்றாக ஏறும்போது அழிந்துபோவது இந்த உழைப்பின் தடம்தான்.

பூவைப் பற்றி எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. எழுதுங்கள். ஆனால் ஒரு பூவுக்குக் குணம் எழுதும்போது, அதை யார் நட்டார், யார் பறித்தார், யார் தலையில் வைக்க விடவில்லை என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்புறமும் அந்தக் குணம் மிஞ்சியிருந்தால், வைத்துக்கொள்ளலாம்.