இடுப்பு முறிவுக்கு ஆணியா, பந்தா?

மாத்தளையிலோ உக்குவளையிலோ ஒரு வீட்டில் உம்மும்மா வுழூ எடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுகிறார். எழும்ப முடியவில்லை. கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சரிந்து கிடக்கிறது. இப்படிக் கண்டால் தொடையெலும்பின் மேல்முனை முறிந்துவிட்டது என்றே எண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பத்துப் போட்டுக் கட்டுகிற முறிவு அல்ல இது. “வயசாளிக்கு ஒப்பரேசன் தாங்காது” என்று சொல்வார்கள். உண்மையில் தாங்காதது படுக்கைதான். நெஞ்சுச்சளி, படுக்கைப்புண், இரத்தக்கட்டி எல்லாம் அங்கேதான் வருகின்றன. உடல்நிலை இடங்கொடுத்தால் இரண்டு நாளுக்குள் சத்திரசிகிச்சை நடப்பதே நல்லது.

வாட்டில் அடுத்த கேள்வி எழும்: “பக்கத்துக் கட்டிலுக்கு ஆணி அடிச்சாங்க, எங்கட உம்மாவுக்கு மட்டும் ஏன் பந்து?”

முதலில் முறிந்த இடத்தைப் பார்ப்பார்கள். தொடையெலும்பின் கழுத்து முறிந்து விலகினால், பந்துபோன்ற தலைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் அறுபடலாம். ஆணி அடித்தாலும் தலை செத்துப்போகும் அபாயம் உண்டு. ஆகவே முதியவர்களுக்குத் தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துகிறார்கள். நலிந்த எலும்பில் அதன் தண்டு ஆடாதிருக்க எலும்புச் சீமெந்து இடுவதுண்டு. கழுத்துக்குக் கீழே முறிந்தால் தலையின் இரத்தோட்டம் பெரும்பாலும் கெடாது. அங்கே தகடும் திருகாணியும், அல்லது எலும்புக் குழலுக்குள் இறக்கும் நீண்ட ஆணி. முறிவு நிலையற்றதென்றால் பின்னதையே பலரும் விரும்புகிறார்கள்.

அடுத்தது எலும்பின் உட்கட்டு. தொடையெலும்பின் தலை கெட்டிக் கல் அல்ல. மெல்லிய ஓட்டுக்குள் வலைபோன்ற நுண்சட்டங்கள். கூரையின் பாரத்தை வளையும் கைமரங்களும் சுவருக்கு இறக்குவதுபோல, அவை உடலின் பாரத்தை இறக்குகின்றன. எலும்பு நலியும்போது எல்லாச் சட்டமும் ஒன்றாகக் கரைவதில்லை. அமுக்கத்தைத் தாங்கும் பிரதான சட்டங்கள் கடைசிவரை நிற்கும். இந்த ஒழுங்கை வைத்தே இந்தியாவின் மன்மோகன் சிங்கும் (பிரதமராக இருந்தவர் அல்லர், வைத்தியர்) சகாக்களும் 1970இல் ஆறு படிகள் கொண்ட சுட்டியை வெளியிட்டார்கள். 6 நல்ல எலும்பு. 3 வந்தால் நலிவு உறுதி. 1 மிக மோசம். ஒரே படத்துக்கு இரண்டு வைத்தியர்கள் இரண்டு படி சொல்வதும் உண்டு. டெக்ஸா ஸ்கேன் அதைவிடத் துல்லியம். ஆனால் இதற்குச் சாதாரண எக்ஸ்ரே போதும்.

கறையான் அரித்த பலகையில் ஆணி நிற்குமா? நலிந்த தலையில் திருகாணி அப்படித்தான் பிய்த்துக்கொண்டு வரும். நுனி தலையின் நடுவில், ஆழமாக நிற்க வேண்டும். 1995இல் பௌம்கார்ட்னர் குழுவினர் ஒரு கணக்குச் சொன்னார்கள்: முன்படம், பக்கப்படம் இரண்டிலும் நுனிக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 25 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். விலை கூடிய ஆணி பிழையான இடத்தில் நின்று என்ன பயன்?

பந்து வைத்தவர்கள் ஆரம்ப மாதங்களில் குந்துவதும் ஆழமாகக் குனிவதும் பந்தைக் கழற்றிவிடலாம். கதிரையில் இருந்து தொழட்டும், மலசலகூடத்துக்கும் உயரமான இருக்கை வையுங்கள். மற்றப் பக்கத்து இடுப்பும் அதே நலிந்த எலும்புதான். ஆகவே துண்டு வெட்டும்போது எலும்பு நலிவுக்கு மருந்து எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிட்டே வாருங்கள்.