கண்டி நகரின் உடவத்தகலே வனம்

கண்டியில் தலதா மாளிகையைத் தரிசித்து வெளிவருவோரில் பெரும்பாலோர் ஏரிக்கரையோடு திரும்பிவிடுகின்றனர். மாளிகைக்குப் பின்னே எழும் குன்றை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. கடைவீதியிலிருந்து கால்நடையாகவே சென்றடையத்தக்க அக்குன்றின்மேல் உடவத்தகலே என்னும் வனம் இருக்கின்றது. பரப்பு 104 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறத்தாழ 257 ஏக்கர். அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம் என்பது அதன் பழைய சிங்களப் பெயரின் பொருள். கண்டி அரசர் நீராடிய குளம் இன்றும் அதனுள் உள்ளது. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1815-இல் சிறைப்பட்டு, நம் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் அங்கேயே காலமானதை அன்பர்கள் அறிவர். பின்னர் 1856-இல் ஒதுக்கு வனமாகவும் 1938-இல் சரணாலயமாகவும் இவ்விடம் அறிவிக்கப்பட்டது.

நுழைவுச் சீட்டுப் பெற்று உள்ளே சென்றோம். சிறிது தூரம் நடந்ததுமே வாகனங்களின் ஆரவாரம் தணிந்துவிட்டது. ஒரு பெருங்கொடி மலைப்பாம்பெனப் புரண்டு மரங்களின்மேல் ஏறிக் கிடந்தது. மழைநாளாதலால் அட்டைகளின் உபசாரமும் கிடைத்தது. செல்வோர் உப்புப் பொட்டலம் ஒன்று கொண்டுசெல்வது நலம்.

ஆனால் நம் கவனத்தைக் கவர்ந்தது வேறு. பல இடங்களில் ஒரே வகை இளமரங்கள், நெருக்கி விதைத்த நாற்றங்கால் போல் நின்றன. இவை பால்சம் மரத்தின் கன்றுகள். இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. நறும்பிசின் மருந்துக்கும் வாசனைப் பொருள்களுக்கும் ஆவது. எல் சால்வடாரில் எடுக்கப்பட்ட பிசின் பெரு நாட்டுத் துறைமுகத்தின் வழியே கப்பலேறியதால் 'பெரு பால்சம்' எனப் பெயர் பெற்றது. விளைவித்தவன் ஊர் மறைந்து, ஏற்றியனுப்பியவன் ஊர் சரக்கின்மேல் நிலைப்பது நம் நெசவாளர்களுக்குப் புதிய செய்தியன்று.

வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட இம்மரம் இப்போது காட்டையே தனதாக்கிக்கொள்ள முனைகின்றது. சிறகுடைய காய் காற்றில் சுழன்று சென்று விழுகின்றது. கன்று நிழலிலும் தழைக்கின்றது. அந்நெருக்கத்தில் நாட்டு மரக்கன்றுகள் தலையெடுக்க வழியில்லை. முதுமரம் ஒன்று சாய்ந்தால் அவ்விடத்தைக் கைப்பற்றக் காத்திருப்பவை இவையே.

சரணாலயம் என்ற அறிவிப்பு கோடரியை வெளியே நிறுத்தும், விதையை நிறுத்தாது. வயலைக் காவல் காத்தால் மட்டும் போதுமா, களையும் எடுக்கவேண்டாமா என்று நம் அங்கத்தினர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. எனினும் ஒரே வீச்சில் வெட்டித் தள்ளினால் சரிவு நிலத்தின் மண் மழையில் கரைந்தோடிவிடும். பகுதி பகுதியாகக் களைந்து, அவ்வப்போதே நாட்டு மரங்களை நட்டு வருவதே தக்கது என்பது நம் அபிப்பிராயம். மழையில் நனைந்த மண்ணில் விரல் பருமனுள்ள கன்று கைக்கே வந்துவிடும். தொடைப் பருமனானபின் கோடரியையன்றோ உள்ளே அழைக்க நேரும்.