பூங்கா நிலமும் ஓர் அமானிதமே

பள்ளிக்கூடமும் மக்தப் மதரஸாவும் முடிந்து வரும் நம் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? பெரும்பாலான மஹல்லாக்களில் தெருவில்தான், பைக்குகளுக்கு நடுவே. தினமும் நடக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பிய தாய்மார்களுக்கும் அதே தெருதான். "நம் பகுதிக்கு ஒரு பூங்கா இல்லையே" என்று வருந்துகிறோம். ஆனால் பல இடங்களில் பூங்காவுக்கான நிலம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை.

நிலம் எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுபவர், சாலைகள் போக மீதியுள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். அதைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கவும் வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலம் தர இயலாதபோது அதற்கு ஈடான தொகையைக் கட்டலாம். மனை விற்பவர் காட்டும் வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருக்கும் கட்டம் இதுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பூங்கா அமைக்க அரசுத் திட்டங்கள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆகியவை இருக்கின்றன. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு தருகிறது. ஆனால் கட்டுவதை விடப் பராமரிப்பதே கடினம். தண்ணீர், விளக்கு, காவலாளி, கழிப்பறை என மாதந்தோறும் செலவு உண்டு. அது நாம் கட்டும் சொத்து வரி போன்ற உள்ளாட்சியின் சொந்த வருவாயிலிருந்து வர வேண்டும். எனவே திறப்பு விழாவோடு நம் வேலை முடிவதில்லை. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும் முன்பே, பட்ஜெட் போடும் நேரத்தில், கவுன்சிலரிடம் கேட்க வேண்டும்.

நல்ல காரியத்துக்கு மாற்றலாமா?

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வழங்கப்பட்டது. குடியிருப்புவாசிகள் வழக்குத் தொடுத்தார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. பூங்கா இடத்தைப் பூங்காவாகவே வைக்க வேண்டும் என்ற நிலையை 1991-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கசப்பானாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "சும்மா கிடக்கும் இடம்தானே, ஒரு மதரஸா கட்டினால் என்ன?" என்று நம்மில் சிலரும் கேட்கிறார்கள். வக்ஃபு செய்தவரின் நோக்கத்தை மாற்ற நமக்கு உரிமையில்லை என்று வாதாடும் நாம், பொதுமக்களுக்கென எழுதிக் கொடுத்த நிலத்தை மட்டும் எப்படி மாற்ற முடியும்? பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவனுக்கும் மறுமையில் உள்ள கடும் தண்டனையை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையில் பள்ளிவாசல் கட்டுபவருக்கு விதிவிலக்கு இல்லை. மதீனாவுக்கு அருகே அந்நகீஃ என்ற மேய்ச்சல் நிலத்தை முஸ்லிம்களின் பொதுத் தேவைக்காக நபியவர்கள் ஒதுக்கி வைத்ததும் நமக்குப் பாடம். பொதுவுக்கென ஒதுக்கியது பொதுவுக்கே.

நாம் செய்ய வேண்டியது

மனை வாங்குமுன் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும், பூங்கா இடத்தின் தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா என்பதையும் பாருங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் நகராட்சியிலோ ஊராட்சியிலோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். நகரங்களில் பகுதி சபா, கிராமங்களில் கிராம சபை கூடும்போது ஜமாஅத் நிர்வாகிகள் அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களையும் அழைத்துக்கொண்டு போகட்டும். பெண்களும் வரட்டும், பூங்காவில் வெளிச்சமும் கழிப்பறையும் ஏன் வேண்டும் என்பதை அவர்களே நன்றாகச் சொல்வார்கள்.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பது நபிமொழியின் கருத்து. அந்த மரத்தை நட ஓர் இடம் வேண்டுமே! அதைக் காப்பதும் நன்மைதான், இன்ஷா அல்லாஹ்.