வாங்கிய பொருள் யாருக்குச் சொந்தம்?

கடையில் பணம் கொடுத்து ஒரு புத்தகம் வாங்குகிறோம். படித்து முடித்ததும் தோழியிடம் கொடுக்கிறோம். அவள் தன் தங்கைக்குக் கொடுக்கிறாள். பிறகு அது பழைய புத்தகக் கடைக்கும் போகலாம். "என் அனுமதியின்றி ஏன் கொடுத்தாய்?" என்று அதை அச்சிட்டவர் நம்மை வந்து கேட்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது. இதில் ஐயம் ஏது என்றுதான் நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் 2013-ஆம் ஆண்டில் இக்கேள்வி உலகெங்கும் பலத்த விவாதத்திற்கு உள்ளாயிற்று. அதற்குக் காரணம் இரண்டு விளையாட்டுப் பொறிகள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து வீடியோ விளையாட்டுகளை ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட கணிப்பொறியைக் 'கன்சோல்' என்பர். ஜப்பானின் சோனி நிறுவனம் 'ப்ளேஸ்டேஷன் 4' என்ற கன்சோலையும், அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' என்ற கன்சோலையும் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் விற்பனைக்குக் கொண்டு வந்தன. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் உள்ளே இருப்பதைக் காண்போம். இரண்டிலும் மூளையாக இயங்கும் சில்லு ஏ.எம்.டி. என்ற ஒரே நிறுவனம் வடிவமைத்தது. இரண்டிலும் 8 ஜிகாபைட் நினைவகம். இரண்டிலும் 500 ஜிகாபைட் கொள்ளும் வன்தட்டு. ஆகவே இவற்றை உடன்பிறந்தவை எனலாம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சோனி தன் பொறி முழுவதற்கும் விரைவான நினைவகத்தை அமைத்தது. மைக்ரோசாப்ட் வேகம் குறைந்த நினைவகத்தை அமைத்து, அக்குறையை ஈடு செய்ய 32 மெகாபைட் அளவுள்ள மிக விரைவான சிறு நினைவகம் ஒன்றைச் சேர்த்தது. படம் வரையும் பகுதியிலும் சோனியின் பொறிக்கே வலிமை அதிகம். இதனால் தொடக்க காலத்தில் ஒரே விளையாட்டு சோனியில் 1080 வரிகளிலும், எக்ஸ்பாக்ஸில் 720 வரிகளிலும் தெரிந்ததுண்டு. வரிகள் கூடினால் படம் தெளிவாக இருக்கும்.

அப்படியானால் வலிமை குறைந்த பொறிக்கு விலையும் குறைவாக இருக்க வேண்டுமே! நடந்ததோ நேர்மாறு. எக்ஸ்பாக்ஸ் 499 டாலர். ப்ளேஸ்டேஷன் 399 டாலர். காரணம், 'கினெக்ட்' என்ற கருவியையும் மைக்ரோசாப்ட் சேர்த்தே விற்றது. காமிராவும் ஒலிவாங்கியும் கொண்ட அக்கருவி நம் அசைவையும் குரலையும் கேட்டறிந்து பொறியை இயக்கும். வேண்டாதவர்களும் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும் என்பதே நிலை.

ஆயினும் விலையை விடப் பெரிய சர்ச்சையை எழுப்பியது மைக்ரோசாப்ட் 2013 ஜூன் 6 அன்று வெளியிட்ட விதிமுறைகளே. பொறி 24 மணி நேரத்திற்கு ஒரு முறை இணையத்துடன் தொடர்பு கொள்ள வேண்டும். இல்லையேல் விளையாட்டு ஓடாது. விளையாட்டுக் குறுந்தகட்டை நண்பருக்குக் கொடுக்கலாம்; ஆனால் ஒரே ஒரு முறைதான். அந்நண்பரின் பெயர் குறைந்தது 30 நாட்களாக நமது நண்பர் பட்டியலில் இருக்கவும் வேண்டும். பழைய தகட்டை விற்பதற்கும் ஏற்பு பெற்ற கடைகளே உண்டு. இணைய வசதியில்லாத சிற்றூர்களில் வாழ்வோரும், மாதக்கணக்கில் கடலில் பணிபுரிவோரும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தது.

மைக்ரோசாப்டின் எண்ணத்திலும் நன்மை இல்லாமல் இல்லை. விளையாட்டு முழுவதும் வன்தட்டில் பதிந்துவிடுவதால் தகட்டை ஒவ்வொரு முறையும் செருக வேண்டியதில்லை. குடும்பத்தினர் பத்துப் பேர் வரை தம் விளையாட்டுகளைப் பகிர்ந்து கொள்ளவும் வழி செய்யப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பகிர்வு நிறுவனம் திறந்துவிடும் வாசல் வழியாக மட்டுமே நடக்கும். கையிலிருந்து கைக்குக் கொடுக்கும் பழைய உரிமை போய்விடும்.

ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த கண்காட்சியில் சோனியின் சார்பில் ஜாக் ட்ரெட்டன் பேசினார். தம் பொறியில் பழைய தகடுகளுக்குத் தடையில்லை, அன்றாட இணையச் சோதனையும் இல்லை என்று அவர் அறிவித்ததும் அரங்கம் கைதட்டலால் அதிர்ந்தது. ஒன்பதே நாட்கள்! ஜூன் 19 அன்று மைக்ரோசாப்ட் தன் விதிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றோடு குடும்பப் பகிர்வுத் திட்டமும் கைவிடப்பட்டது. மறு ஆண்டு ஜூன் மாதம் முதல் கினெக்ட் இல்லாத பொறியையும் 399 டாலருக்கே விற்கலாயிற்று. வாங்குவோர் ஒன்றுபட்டுக் குரல் கொடுத்தால் பெரிய நிறுவனமும் செவி சாய்க்கும் என்பதற்கு இது நல்ல சான்றாகும். ப்ளேஸ்டேஷன் 4 பிற்காலத்தில் 11 கோடிக்கும் மேல் விற்றது.

இதைக் கொண்டு சோனியை நல்லவர் என்றும் மைக்ரோசாப்டைத் தீயவர் என்றும் முடிவு கட்டுவது சரியாகாது. முந்தைய ப்ளேஸ்டேஷன் 3-இல் இணையத்தின் வழியே பிறருடன் கட்டணமின்றி ஆட முடிந்தது. புதிய பொறியில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அதற்கெனச் சந்தா கட்ட வேண்டியதாயிற்று. கைதட்டிய பலர் அதைக் கவனிக்கவில்லை. மேலும் ப்ளேஸ்டேஷன் 3-இன் தகடுகள் புதிய பொறியில் ஓடா. மைக்ரோசாப்டோ 2015 நவம்பர் முதல், தன் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகள் பலவற்றைப் புதிய பொறியிலும் கூடுதல் விலையின்றி ஆட வழி செய்தது. ஆக, ஒருவர் ஓரிடத்தில் நமக்கு இணங்குவார். மற்றவர் வேறோரிடத்தில் இணங்குவார்.

இன்றோ பிரச்சினை வேறு உருவில் திரும்பி வந்துள்ளது. 2020-இல் இரு நிறுவனங்களுமே தகடு செருகும் வசதியே இல்லாத பொறிகளையும் வெளியிட்டன. அவற்றில் விளையாட்டை இணையக் கடையில்தான் வாங்க வேண்டும். அன்று எதிர்க்கப்பட்ட தடை இன்று எவரும் அறிவிக்காமலே வந்துவிட்டது. தகடே இல்லாதபோது எதைத் தோழியிடம் கொடுப்பது? இவ்வாறு விற்கப்படுவது பொருள் அன்று, பயன்படுத்தும் அனுமதியே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. அது 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

எனவே பிள்ளைகளுக்காக இத்தகைய பொருளை வாங்க எண்ணும் பெற்றோர்களும், வாங்கித் தரும்படி கேட்கும் மாணவிகளும் முதலில் நான்கு கேள்விகளைக் கேட்பது நலம். இதை மற்றவருக்குக் கொடுக்க முடியுமா? இணையம் இல்லாவிட்டால் ஓடுமா? பொறியின் விலைக்கு மேல் மாதந்தோறும் என்ன செலவு? அடுத்த பொறி வந்தால் இன்று வாங்கியவை பயன்படுமா? எத்தனை ஜிகாபைட் என்பது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும். இக்கேள்விகளுக்கான விடைகளோ விதிமுறைகளின் சிறிய எழுத்தில் இருக்கும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது ஆற்றுக்கு மட்டும் சொன்ன மொழியன்று. சிறிய எழுத்தையும் படித்த பின்னரே பணப்பையைத் திறப்போமாக.