வளைத்த வில்லோ அறைகலன்

வளைத்த வில்லோ அறைகலன் என்பது வில்லோ மரத்தின் பச்சைக் கொம்புகளைப் பட்டை உரிக்காமல் கையாலேயே வளைத்து, ஆணியடித்துச் செய்யப்படும் நாற்காலி, நீளிருக்கை, சிறுமேசை போன்றவற்றைக் குறிக்கும். கிரிக்கெட் மட்டைக்கு உதவும் மரமும், தமிழ்நாட்டு ஆற்றோரங்களில் வளரும் ஆற்றுப்பாலையும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. ஐக்கிய அமெரிக்காவில், குறிப்பாக அப்பலாச்சிய மலைப்பகுதியில், இது ஒரு நாட்டுப்புறக் கைவினை. ஊர் ஊராகச் சென்ற ரோமா மக்கள் சாலையோரங்களில் செய்து விற்றதால், இவை ஜிப்சி நாற்காலி என்றும் அழைக்கப்பட்டன.

செய்முறை

இலை உதிர்ந்தபின், குளிர்காலத்தில் கொம்புகள் வெட்டப்படுகின்றன. அப்போதுதான் பட்டை மரத்தோடு ஒட்டி நிற்கும். வசந்தத்தில் சாறு ஏறியபின் வெட்டினால் கழன்றுவிடும். வெட்டியவற்றை ஈரம் காயுமுன் வளைத்துவிட வேண்டும்.

முதலில் பருத்த கொம்புகளால் சட்டம் அடிக்கப்படும். இந்நிலையில் நாற்காலி ஆடும். புதிதாகக் கற்பவர் தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே நினைப்பார். அடுத்துப் பெருவிரல் பருமனுள்ள கொம்புகள் கைப்பிடியாகவும் சாய்மானமாகவும் வளைத்துப் பொருத்தப்படும். ஒவ்வொன்றும் நிமிரப் பார்க்கும். எதிரெதிரான அந்த இழுவிசைகளே சட்டத்தை இறுக்குகின்றன. கொம்பின் அடிப்பக்கம் தடித்தும் நுனி மெலிந்தும் இருப்பதால், அடியும் நுனியும் மாறி மாறி வருமாறு வைப்பர். இல்லையெனில் ஒருபக்கம் கோணும்.

வளைக்கும்போது முழங்காலில் வைத்து, இரு பெருவிரல்களாலும் சிறிது சிறிதாக நகர்த்தி அழுத்த வேண்டும். ஒரே இடத்தில் விசை கொடுத்தால் அங்கேயே முறியும்.

கைமாறும் விதம்

வியன்னாவின் மைக்கேல் தோனெட் 1859-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாற்காலியும் வளைத்த மரத்தாலானதே. ஆனால் அவர் பீச் மரத்தை ஆவியில் வேகவைத்து இரும்பு அச்சில் பொருத்தினார். வளைவை அச்சே தீர்மானித்தது. வில்லோவுக்கு அச்சு கிடையாது. எந்தக் கொம்பு எவ்வளவு வளையும் என்பதை விரல்தான் சொல்லும். ஆகவே வரைபடத்தால் மட்டும் இதைக் கற்பிக்க முடிவதில்லை. ஒருவர் வளைக்க மற்றொருவர் மறுமுனையைப் பிடிக்கும் வேலை இது. குடும்பங்களில் பிள்ளைகள் பிடிப்பவராகத் தொடங்கி வளைப்பவராக மாறினர்.

1966-இல் ஜார்ஜியா மாநிலத்துப் பள்ளி மாணவர்கள் மலைவாழ் முதியவர்களிடம் கேட்டறிந்த செய்திகளைக்கொண்டு ஃபாக்ஸ்ஃபயர் இதழைத் தொடங்கினர். அப்பகுதிக் கைத்தொழில்கள் பல அதில் பதிவாயின. 1925-இல் வட கரோலினாவில் நிறுவப்பட்ட ஜான் சி. கேம்பல் நாட்டுப்புறப் பள்ளி போன்றவை கைவினைகளை நேரடியாகவே கற்பிக்கின்றன.

குறுகிய காலப் பயிற்சிகளில் ஒரு குறை உண்டு. வெட்டி, தரம் பிரித்த கொம்புக் குவியலிலிருந்தே பாடம் தொடங்கினால், புதரைப் பேணும் பாதித் தொழில் விடுபட்டுப்போகிறது. வில்லோவை அடியோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நேரான தளிர்கள் கிளம்பும். வெட்டாமல் விட்டாலோ கிளைத்துக் கோணி, நாற்காலிக்கு உதவாது. முதியவர் ஒருவர் வேலையை நிறுத்தும்போது அவருடைய புதரும் சில ஆண்டுகளில் பயனற்றுப்போகிறது. நல்லவேளையாக வில்லோ எளிதில் வேர்பிடிக்கும். குளிர்கால இறுதியில் ஈரமண்ணில் போத்து நட்டவருக்கு, இரண்டு மூன்று ஆண்டுகளில் வளைக்கத் தகுந்த கொம்புகள் கிடைக்கத் தொடங்கும்.