எல்லார்க்கும் உரிய வழி

மக்கள் பலரும் நடந்து நடந்து தாமே உண்டாக்கிய வழியை ஒற்றையடிப் பாதை என்கிறோம். அதனை அமைக்கப் பொறியாளர் வேண்டியதில்லை, காலடிகளே போதும். நடப்பார் இல்லையெனில் புல் மூடி அது மறைந்துவிடும்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் இத்தகைய பாதைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் பல, தனியார்க்குச் சொந்தமான வயல், மேய்ச்சல் நிலம், தோப்பு ஆகியவற்றின் நடுவே செல்கின்றன. ஆயினும், பொதுவழி எனப் பதிவுபெற்ற பாதையில் நடக்க எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. நிலத்தின் உரிமையாளரும் அதனை அடைத்துவிட இயலாது. இவ்வுரிமையின் அருமையை, டெர்பிஷயர் என்னும் பகுதியில் மேற்கொள்ளும் ஒரு நாள் நடைப்பயணத்தின் வழியே அறிவோம்.

மாளிகையும் பூங்கா நிலமும்

பேஸ்லோ என்னும் சிற்றூரில் நம் நடை தொடங்குகிறது. ஊரைக் கடந்ததும் ஒரு சிறிய கதவு எதிர்ப்படும். அதன் வழியே ஒருவர் பின் ஒருவராகத்தான் செல்ல முடியும். மனிதர் எளிதில் கடப்பர், கால்நடைகள் கடவா. அதற்கு அப்பால் டெர்வென்ட் ஆற்றை ஒட்டி அகன்ற புல்வெளி விரிகிறது. ஆடுகள் மேய்கின்றன, தொலைவில் மான்கள் நிற்கின்றன. ஒரு மணி நேரத்திற்குள் சாட்ஸ்வொர்த் மாளிகை கண்ணிற்படும். இது டெவன்ஷயர் கோமகன்களின் இருப்பிடம். மாளிகையையும் பூந்தோட்டத்தையும் காணக் கட்டணம் உண்டு. சுற்றியுள்ள பூங்கா நிலத்தில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை.

இயற்கையாகவே அமைந்ததுபோல் தோன்றும் இந்நிலம், 18ஆம் நூற்றாண்டில் லேன்சலாட் பிரௌன் என்னும் நிலவடிவக் கலைஞரின் திட்டப்படி திருத்தப்பட்டது. இங்குத் தலைமைத் தோட்டக்காரராக விளங்கிய ஜோசப் பாக்ஸ்டன், 1830களில் கண்ணாடி வீட்டுள் ஒரு வாழையை வளர்த்தார். கோமகனின் குடும்பப் பெயரால் அது 'காவெண்டிஷ்' எனப்பட்டது. இன்று தில்லியிலும் மும்பையிலும் தள்ளுவண்டிகளில் விற்கப்படும் வாழைப்பழங்களுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே.

இடம் மாறிய ஊர்

ஆற்றின் மேற்கே எடன்சர் என்னும் சிற்றூர் உள்ளது. முன்பு இவ்வூரின் வீடுகள் மாளிகையிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆறாம் கோமகன், பாக்ஸ்டனின் துணையோடு, மேட்டிற்கு அப்பால் புதிய வீடுகளை எழுப்பி ஊரை மறுபடி அமைத்தார். வீடுகள் அழகியவை; ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. ஆயினும், ஓர் ஊரையே இடம் மாற்றும் அளவிற்கு நிலவுடைமையாளரின் ஆற்றல் அன்று இருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

காடும் கோபுரமும்

மீண்டும் பாலத்தைக் கடந்து, மாளிகையின் பின்புறம் ஏறினால் ஸ்டாண்ட் காடு. மரநிழலில் செல்லும் ஏற்றப் பாதையின் உச்சியில், 1580களில் கட்டப்பட்ட வேட்டைக் கோபுரம் நிற்கிறது. காட்டினுள் ஏரிகள் உள்ளன. மேட்டிலுள்ள ஏரியின் நீர் குழாய் வழியே இறங்கி, எவ்வகைப் பொறியின் துணையுமின்றி, மாளிகையின் முன் உயர்ந்த நீரூற்றாய்ப் பீறிடுகிறது.

உரிமைக்காக நடந்தோர்

இக்காட்டிற்கு வடமேற்கே, இதே பீக் மலைநாட்டில், கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலம் உள்ளது. அதுவும் அன்று டெவன்ஷயர் கோமகனின் உடைமையே. பறவை வேட்டைக்காக அது காவலிடப்பட்டது. பொதுமக்கள் நுழையத் தடை இருந்தது. மான்செஸ்டர் முதலிய நகரங்களின் ஆலைத் தொழிலாளர்க்கோ, வாரம் முழுவதும் புகையில் உழைத்தபின் தூய காற்று வேண்டியிருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு இளைஞர்கள் தடையை மீறி அம்மேட்டில் ஏறினர். காவலர்க்கும் அவர்க்கும் கைகலப்பு நேர்ந்தது. ஐவர் சிறை சென்றனர். அவர்களுள் ஒருவரான பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20.

அவர்தம் நடை வீண்போகவில்லை. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவழிகளுக்கும் சட்டம் வந்தது. 1951இல் பீக் மாவட்டம் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலைமேட்டு நிலங்களில் தடையின்றி உலவும் உரிமையை விரிவாக்கியது. 2002இல், அந்நிகழ்வின் 70ஆம் ஆண்டு விழாவில், பதினோராம் கோமகன் தம் பாட்டனார் காலத்துத் தவற்றுக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

நடப்போர் கடமை

உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. திறந்திருந்த கதவைத் திறந்தவாறும், மூடியிருந்ததை மூடியும் செல்லுதல் வேண்டும். பயிரை மிதிக்கலாகாது, ஆட்டுமந்தையின் அருகே நாயை வாரால் பிடித்துச் செல்லுதல் வேண்டும், குப்பையைத் தம்முடனே எடுத்துச் செல்லுதல் வேண்டும். நிலம் ஒருவருடையது, வழி எல்லாருடையது. இவ்விரண்டையும் ஒருங்கே மதிப்போர் நடக்கும்வரை பாதையில் புல் மூடாது.

சொற்பொருள்
இசைவு – ஒப்புதல்
கோமகன் – உயர்குடிப் பட்டம் பெற்றவர்
உடைமை – சொத்து
வார் – தோற்பட்டை
ஒருங்கே – ஒன்றாக

சிந்தித்து எழுதுக
1. எடன்சர் ஊர் இடம் மாறிய செய்தி, பொதுவழியின் தேவையை எவ்வாறு உணர்த்துகிறது?
2. தடையை மீறி நடந்த இளைஞர்களின் செயல் சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. நீவிர் வாழும் ஊரில் மக்கள் நடந்து நடந்து உண்டான பாதை ஒன்றைக் கண்டறிந்து, அது எங்கிருந்து எங்குச் செல்கிறது, அதனை யார் பயன்படுத்துகின்றனர் என ஐந்து தொடர்களில் எழுதுக.