பீங்கானின் இடது பாதி

சாச்சா பாரிசவாதத்தில் விழுந்து, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அது. பீங்கானில் வலது பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார். இடது பாதி கை படாமல் கிடந்தது. சாச்சி பேசாமல் பீங்கானைத் திருப்பி வைத்தா. "இது எங்க இருந்தது?" என்று கேட்டு அதையும் தின்றார். இடது பக்கம் நின்று ஸலாம் சொன்னால் பதில் வராது. "மனுஷன் வீம்புக்குச் செய்யிறார்" என்று வீட்டில் பேச்சு.

வீம்பில்லை. கண்ணிலும் பழுதில்லை. மூளையின் வலது பாதி, குறிப்பாக மேற்புறத்தில் சற்றுப் பின்னாக உள்ள சுவர்ச்சோணை, பாதிக்கப்பட்டவர்கள் பலருக்கு இது வருகிறது. மணிக்கூடு வரையச் சொன்னால் இலக்கங்களை வலது பக்கத்துக்குள்ளேயே நெருக்கி எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரை அப்படியே தமிழாக்கினால் 'புறக்கணிப்பு' என்று வரும். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. புறக்கணிப்பவனுக்கு எதைப் புறக்கணிக்கிறோம் என்று தெரியும். சாச்சாவுக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே உறைக்கவில்லை.

இதை அழகாகக் காட்டிய பரிசோதனை ஒன்று இத்தாலியில் நடந்தது. பிசியாக், லுட்சாத்தி என்ற இருவர் 1978 இல் வெளியிட்டது. மிலான் நகரத்துப் பெரிய தேவாலயச் சதுக்கத்தை நன்கறிந்த நோயாளிகளிடம், தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்து, சுற்றியுள்ள கட்டடங்களைச் சொல்லச் சொன்னார்கள். வலது பக்கத்தவற்றைத்தான் சொன்னார்கள். பிறகு, தேவாலயப் படியில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். இப்போது முன்னர் விட்டவை வந்தன, சொன்னவை மறைந்தன! ஞாபகத்தில் எல்லாமே இருந்திருக்கிறது. மனக்கண்ணும் இடது பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

கட்டாரிலிருந்து மச்சான் கோல் எடுத்தார். "மூளைக்குக் கரண்ட் குடுக்கிற மெஷின் ஒண்டு இருக்காம். வாங்கி அனுப்பவா?" அவருக்குப் பதில் சொல்லத்தான் இதையெல்லாம் தேடி வாசித்தேன்.

மெஷின் உண்மைதான். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளைத் தலையில் வைத்து, ஒன்று அல்லது இரண்டு மில்லி அம்பியர் நேரோட்ட மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். மனநோய்க்கு மயக்கம் கொடுத்துச் செய்யும் 'ஷொக்' வேறு. அதில் பாய்வது இதைவிடப் பல நூறு மடங்கு. இந்தச் சிறு மின்சாரம் நரம்புக் கலத்தைத் தூண்டி இயக்காது. நேர்முனைக்குக் கீழே உள்ள கலங்களை இயங்கச் சற்றுத் தயாராக்கும். எதிர்முனை பொதுவாக அடக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் இந்த மாற்றம் சில நிமிடங்கள் நிற்பதை 2000 இல் ஜேர்மனியில் நிட்ஷேயும் போலுஸும் காட்டினார்கள்.

பாரிசவாதத்துக்கு இது பொருந்துவது ஒரு பழைய கருத்தினால். மூளையின் இரண்டு பாதிகளும் கவனத்தைத் தத்தம் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன, ஒன்றையொன்று மட்டுப்படுத்தவும் செய்கின்றன என்றார் கின்ஸ்போர்ன். வலது பாதி அடிபட்டால் இடது பாதியைத் தடுக்க ஆளில்லை. கவனம் முழுதும் வலது பக்கம் ஓடுகிறது. எனவே வலது பாதியை எழுப்பலாம், அல்லது இடது பாதியை அடக்கலாம்.

2008 இல் தென்கொரியாவில் 15 நோயாளிகளின் வலது சுவர்ச்சோணைக்கு இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். கோட்டின் நடுவைக் குறிப்பது போன்ற தாள் பரிசோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் தாளில் கோடு போடுவது வேறு, சட்டையின் இடது கைக்குள் கையை நுழைப்பது வேறு. இக்குறைபாட்டுக்கு மருந்தல்லாத சிகிச்சைகள் பற்றிய 65 ஆய்வுகளை 2021 இல் கொக்ரேன் அமைப்பு திரட்டிப் பார்த்தது. மின்தூண்டல் உட்பட எதுவுமே அன்றாட வாழ்க்கையில் பயன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை என்பதே முடிவு. நிரூபிக்கப்படவில்லை என்பதற்குப் பயனில்லை என்று பொருளல்ல. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, தரமும் போதாதவை.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் வருவது தோலில் அரிப்பும் எரிவும் மட்டுமே. என்றாலும் மண்டைக்குள் உலோகம் வைத்தவர்கள், வலிப்பு வந்தவர்கள் விஷயத்தில் கவனம் தேவை. பாரிசவாதத்துக்குப் பிறகு வலிப்பு வருவதும் உண்டு. முனையை எங்கே வைப்பது என்பது சிகிச்சை தெரிந்தவர் கையில் இருக்க வேண்டியது. நானோ சாச்சியோ பஞ்சை நனைத்து வைத்துப் பார்க்கிற காரியமில்லை.

"இப்ப வேணாம் மச்சான், டொக்டர் சொன்னா பார்ப்பம்" என்றேன். அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை.

பயிற்சி கொடுக்க வருகிற பிள்ளை மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒன்று ஒட்டிவிட்டிருக்கிறா. அது தெரியும் வரை சாச்சா தலையைத் திருப்ப வேண்டும், பிறகுதான் சாப்பாடு. சில நாள் திருப்புவார். சில நாள், "டேப்பா? எங்க?" என்பார். சாச்சி இப்போது அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவா.